சுங்கை சிப்புட்டில் ஒரு தானியங்கி வழிகாட்டி: செயலி ஒன்றைப் பற்றிய மதிப்புரை

கைப்பேசியில் தமிழில் பேசி ஊர்சுற்றிக் காட்டும் தானியங்கி வழிகாட்டிச் செயலி ஒன்றை, தமிழகத்திலிருந்து வந்திருந்த உறவினர்களுடன் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள கோலகங்சாரிலும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலும் பயன்படுத்திப் பார்த்தோம். செயலியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே முறையில் இயங்கும் வேறு செயலிகளுக்கும் இதன் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் பொருந்தும் என்பதால், வாங்கலாமா என்று யோசிப்பவருக்குப் பெயரைவிட அதன் இயல்பே பயன்படும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கோலகங்சாரில் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டோம். தோட்டத்துக்கு, இளமை முழுவதும் ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் எங்களுடன் வந்தார்.

செயலி இயங்கும் விதம் எளிமையானது. வரைபடத்தில் ஒவ்வோர் இடத்தைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் போடப்பட்டிருக்கிறது. செயற்கைக்கோள் வழியாக நம் இருப்பிடத்தை அறியும் கைப்பேசி அந்த வட்டத்துக்குள் நுழைந்ததும், அந்த இடத்துக்குரிய உரை தானாகவே ஒலிக்கத் தொடங்குகிறது. அந்த உரையைக் கணினிக் குரல் படிக்கிறது. கூடுதலாக ஏதேனும் தெரிய வேண்டுமானால் ஒலிவாங்கியை அழுத்திக் கேட்கலாம். செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லும். உரைகளை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ள முடியும், ஆனால் கேள்வி கேட்பதற்கு இணையம் வேண்டும். ஒரு வாரச் சந்தா, ஈப்போவில் ஒருவர் சாப்பிடும் வாழையிலைச் சாப்பாட்டைவிட மலிவு. உரிமம் பெற்ற வழிகாட்டியின் ஒரு நாள் கட்டணத்தோடு அதை ஒப்பிடுவதே முறையாகாது.

கோலகங்சாரில் செயலி தன் வேலையைச் செம்மையாகச் செய்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அங்குள்ள மாவட்ட அலுவலகத்துக்கு அருகே நிற்கும் பழைய ரப்பர் மரத்தின் முன் நின்றபோது, 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 விதைகள் இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் விதைக்கப்பட்டதையும், அதன் பயனாக 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததையும், அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் காலத்தில் நடப்பட்டதையும், அந்த ஒன்பதில் எஞ்சியதுதான் இந்த மரம் என்பதையும் அது முறையாக எடுத்துரைத்தது. என் மாமா, வயது எழுபதைத் தாண்டியவர், பாதி உரையை நிறுத்தி இரண்டு முறை திரும்பக் கேட்டார். பேருந்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு இதே செய்தியை ஒப்பிக்கும் வழிகாட்டியிடம் அப்படிக் கேட்க யாருக்கும் துணிவு வராது. அத்தை காதில் வாங்கிக்கொள்ளாமல் நிழலைத் தேடிப் போனார்; செயலி அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். இந்தச் செயலி நம்மை எந்தக் கடைக்கும் கூட்டிக்கொண்டு போவதில்லை. சாக்லேட் கடை, மூலிகை எண்ணெய்க் கடை, லாபு சாயோங் மண்குடம் விற்கும் கடை என்று வண்டியை நிறுத்தி, வாங்கினால் தனக்குக் கழிவு கிடைக்கும் என்ற கணக்கில் நேரத்தைக் கழிக்கும் வழிகாட்டிகளை இந்நாட்டில் சுற்றுலா போன எவரும் சந்தித்திருப்பார்கள். அத்தகையவருக்கு மாற்றாக இயந்திரம் வருமா என்று கேட்டால், வந்துவிட்டது என்பதே என் பதில். அதற்காக வருந்துவதற்கும் ஒன்றுமில்லை.

ஆனால் அன்று நாங்கள் அமர்த்தியிருந்த வழிகாட்டி அத்தகையவர் அல்லர். நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. செயலி வகுத்துத் தந்த வழித்தடம், நண்பகல் கழிந்த நேரத்தில் எங்களை உபுடியா பள்ளிவாசலின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் சுற்றுப்பயணிகள் அங்கே போய் நிற்பது முறையாகாது என்ற செய்தி அதன் உரையில் எங்குமே இல்லை. வழிகாட்டி காலையிலேயே வரிசையை மாற்றிவிட்டார். பள்ளிவாசலை முதலில் பார்த்தோம்; அத்தைக்கு மேலங்கி வாங்கித் தந்தார்; எங்கே காலணியைக் கழற்ற வேண்டும், எதுவரை போகலாம் என்பதை வாயால் சொல்லாமல் தானே முன்னே நடந்து காட்டினார். கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக் வரைந்த அந்தப் பள்ளிவாசல் 1917-இல் கட்டி முடிக்கப்பட்டது என்பதையும், கட்டுமானத்தின்போது யானைகள் மோதிக்கொண்டதில் இத்தாலியிலிருந்து வரவழைத்த பளிங்குக் கற்கள் பாழானதையும் செயலியும் சொன்னது, அவரும் சொன்னார். செய்தியில் வேறுபாடு ஏதுமில்லை. மாமாவின் முழங்கால் வலியை நடையிலேயே கண்டுகொண்டு, அடுத்து ஏற வேண்டியிருந்த மேட்டை விட்டுவிட்டு வண்டியைச் சுற்றிக் கொண்டுவரச் செய்ததுதான் அவர் வாங்கிய கட்டணத்துக்கான வேலை என்று நான் கருதுகிறேன்.

அங்கிருந்து சுங்கை சிப்புட்டுக்கு வந்த பிறகுதான் சோதனை கடுமையானது. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரில் சுற்றுலாப் பேருந்துகள் நிற்பதில்லை. பயணிகள் கழிப்பறைக்குப் போக நேர்ந்தால் ஒழிய வழிகாட்டிகள் இறங்குவதும் இல்லை. ஆகவே இங்கே இயந்திரம் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாத வழிகாட்டியின் இடத்தில் அது வந்து நின்றது. தமிழில் ஒரு குரல் இந்த ஊரைப் பற்றி ஏதோ சொல்கிறது என்பதே எங்களுக்கு முதலில் மகிழ்ச்சியைத் தந்தது.

தோட்டத்துக்குப் போகும் வழியில் முதல் சிக்கல் எழுந்தது. செயலி காட்டிய சாலை ஓர் இரும்புக் கதவில் போய் முடிந்தது. தோட்டச் சாலைகள் பொதுச் சாலைகள் அல்ல, உள்ளே போக அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்பதை இங்கே பிறந்த குழந்தையும் அறியும், வரைபடம் அறியவில்லை. காவலாளி நேபாளத்துக்காரர், தன் கடமையைச் செய்தார். பாட்டி வண்டியிலிருந்து இறங்கி, அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசி, யார் வந்திருக்கிறார்கள், எதற்காக வந்திருக்கிறார்கள் என்று விவரம் சொன்ன பிறகு கதவு திறந்தது. உள்ளே நுழைந்ததும், வலப்புறம் ரப்பர் மரங்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம் என்று செயலி அறிவித்தது. இரு புறமும் செம்பனை (எண்ணெய்ப் பனை) நின்றது. அந்தக் காடு மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. செயலிக்கு உரை எழுதியவரோ, எழுதிய இயந்திரமோ ஏதோ ஒரு பழைய ஆவணத்தைப் பார்த்திருக்க வேண்டும். செம்பனையின் அடர்ந்த மட்டைகளுக்குக் கீழே செயற்கைக்கோள் குறிப்பலையும் தடுமாறியது. திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாக இருப்பிடத்தைச் சொல்லும் கைப்பேசி அங்கே நிரை தவறி, கோயிலுக்குரிய உரையை ஓடைக்கரையில் படித்தது.

சிறுதோட்டக்காரர் ஒருவரின் காட்டில் இன்னும் பால் மரங்கள் நிற்பதால், வெட்டும் முறையைப் பார்ப்பதற்கு அங்கே போனோம். இந்த இடத்தில் செயலிக்கு உரிய மதிப்பெண்ணைக் குறைக்காமல் தர வேண்டும். ஏன் விடியும் முன்பே வெட்டுகிறார்கள், ஏன் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரிகிறது என்று மாமா கேட்டார். பாட்டி, "அப்படித்தாங்க வெட்டணும், மாத்தி வெட்டுனா பால் வராது, கிராணி (தோட்டக் கணக்கர்) ஏசுவாரு" என்று சொல்லி முடித்துவிட்டார். செயலி விளக்கியது: மரப்பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக இல்லாமல் சற்று வலப்புறம் சாய்ந்தபடி மேலேறுகின்றன; ஆகவே இடமிருந்து வலமாகச் சரியும் வெட்டு கூடுதலான குழாய்களை அறுக்கும். இரவில் இலைகளிலிருந்து நீர் ஆவியாவது குறைவதால் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் அழுத்தம் குறைந்து பால் ஓட்டமும் குறையும். வாழ்நாள் முழுவதும் வெட்டியவர் அந்த விளக்கத்தை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார், தலையை ஆட்டி ரசித்தார். பிறகு உளியை வாங்கி, பட்டைக்கு அடியிலுள்ள மரத்தைத் தொடாமல் நூலளவு சீவிக் காட்டி, பால் வடியும் கிண்ணமான மங்கை எந்தக் கோணத்தில் கவிழ்த்து வைத்தால் மழை வந்தாலும் முந்தைய நாளின் கட்டிப்பால் கெடாது என்பதை விளக்கினார். பட்டைக்குக் கீழே மரம் வளரும் மென்படலத்தில் காயம் பட்டால் அந்த இடத்தில் முண்டு விழுந்து, மறுபடி வெட்டவே முடியாமல் போகும் என்பதைச் செயலியும் சொல்லியிருந்தது. எனினும் அது எவ்வளவு மெல்லிய இடைவெளி என்பதைப் பாட்டியின் கை காட்டியபோதுதான் நாங்கள் உணர்ந்தோம். காரணத்தைச் சொல்வதில் இயந்திரமும் செய்து காட்டுவதில் மனிதரும் முன்னே நின்றார்கள். இருவரும் சேர்ந்திருந்த அந்த அரை மணி நேரமே எங்கள் பயணத்தின் சிறந்த பகுதி.

வரலாற்றுக்கு வந்தபோது நிலைமை வேறாகிவிட்டது. சுங்கை சிப்புட் என்றதும் செயலி 1948 ஜூன் 16-ஐத்தான் எடுத்துக்கொண்டது. அன்று காலை இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்ததும் உண்மை. நாள், இடம், பெயர் எதிலும் பிழையில்லை. ஆனால் மூவரின் பெயரையும் பதவியையும் வயதையும் விரிவாகச் சொன்ன அந்த உரையில், அதே தோட்டங்களில் நூற்றுக்கணக்கில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஒரே ஒரு முறை, 'தோட்டத் தொழிலாளர்கள்' என்ற ஒற்றைச் சொல்லாக வந்து போனார்கள். இதை இயந்திரத்தின் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகளும் காவல்துறை அறிக்கைகளும் இலண்டன் செய்தித்தாள்களும் ஆங்கிலத்தில் குவிந்து கிடக்கின்றன. லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் எழுதி வைத்தது மிகக் குறைவு. எழுதப்பட்டதைப் படித்தே கற்கும் இயந்திரம், எழுதியவரின் கண்ணால்தான் ஊரைப் பார்க்கும். அதனால் தமிழில் பேசினாலும் அது எங்களுக்குச் சொன்னது துரையின் கதை.

பாட்டி அந்தக் காலத்தில் குழந்தை. தாயார் சொல்லக் கேட்டதைச் சொன்னார். சிதறியிருந்த லயங்களிலிருந்து ஆட்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி கட்டியதையும், ஊரடங்கு நேரத்தையும், காட்டுக்குள் இருக்கும் கெரில்லாக்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று வேலைக்குப் போகிறவர்களின் கையைச் சோதித்ததையும், இரண்டு தரப்புக்கும் நடுவே பயந்து பேசாமல் இருந்ததையும் அவர் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கையால் காட்டியபடியே சொன்னார். "அந்த ரெண்டு தென்னை நிக்குது பாருங்க, அதுக்கு மேற்கால பத்து வீடு. கம்பி அங்கிட்டுதான் ஓடுச்சு." இன்று அங்கே செம்பனையைத் தவிர ஒன்றும் இல்லை. எந்த வரைபடத்திலும் அந்த வேலி இருக்கப் போவதில்லை.

துன் வீ. தி. சம்பந்தனைப் பற்றிய உரையும் இப்படித்தான் இருந்தது. அவர் 1919-இல் இவ்வூரில் பிறந்ததையும், 1955 முதல் 1973 வரை ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சியின் தலைவராக இருந்ததையும், அமைச்சர் பொறுப்புகளையும் செயலி வரிசையாகச் சொன்னது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது அவை துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்ததையும், அதைத் தடுக்க அவர் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதையும் ஒரு வரியில் கடந்துவிட்டது. தோட்டந்தோட்டமாக அவர் ஏறி இறங்கிப் பத்துப் பத்து வெள்ளியாக (வெள்ளி என்பது இந்நாட்டு நாணயம்) சேர்த்ததைப் பாட்டி சொன்னார். பத்து வெள்ளி அன்று எத்தனை நாள் பாலுக்குச் சமம் என்றும் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

உறவினர்கள் மலேசியாவுக்கு வந்ததற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. மாமாவின் பெரிய தாத்தா, தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வழியாக இவ்வட்டாரத்துக்கு வந்து, சில காலம் பணமும் கடிதமும் அனுப்பி, சப்பான்காரன் காலத்தில் தொடர்பு அற்றுப்போனவர். அவரைப் பற்றி ஏதேனும் தெரியுமா என்று மாமா முதலில் செயலியிடம் கேட்டார். கங்காணி முறை 1938-இல் நிறுத்தப்பட்டது, பலர் தமிழகத்தின் இன்னின்ன மாவட்டங்களிலிருந்து வந்தனர், அவர்களின் உழைப்பு மலாயாவின் வளர்ச்சிக்கு அடித்தளமிட்டது என்று ஒரு பத்தி நிறையப் பொதுச் செய்திகளைச் சொன்னது. தெரியாது என்ற சொல் மட்டும் அதில் இல்லை. கோயில் எப்போது கட்டப்பட்டது என்ற கேள்விக்கோ அது ஓர் ஆண்டைத் தயக்கமே இல்லாமல் சொன்னது. கோயில் சுவரில் பதித்த கல்வெட்டில் வேறோர் ஆண்டு இருந்தது. கல்வெட்டின் முன் நின்று மறுபடியும் கேட்டபோது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூன்றாவதாக ஓர் ஆண்டைச் சொன்னது. இது சிறிய பிழையன்று. கல்வெட்டு இல்லாத இடங்களில் அது சொன்னவற்றையெல்லாம் எப்படி நம்புவது என்ற கேள்வியை இது எழுப்பிவிடுகிறது.

பாட்டியிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, சற்று யோசித்துவிட்டு, "அந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாதுங்க ஐயா" என்றார். பிறகு, அந்தக் காலத்தில் கடிதம் நின்றுபோனால் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றுதான் இங்கே எல்லோரும் எண்ணிக்கொள்வது வழக்கம் என்றார். 1942-க்குப் பிறகு ரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. பாட்டியின் சித்தப்பாவும் அவர்களுள் ஒருவர். கோயில் கமிட்டியில் பழைய நன்கொடை நோட்டு ஒன்று இருப்பதாகச் சொல்லி, அதை வைத்திருக்கும் குடும்பத்தின் வீட்டுக்கு எங்களை அழைத்துப் போனார். அந்தக் குடும்பம் இப்போது தோட்டத்தில் இல்லை, நகரத்தையொட்டிய தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) இருக்கிறது. நோட்டில் மாமா தேடிய பெயர் ஒன்று இருந்தது, தகப்பன் பெயரின் முதலெழுத்தும் பொருந்தியது; அவர்தானா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. மாமா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார்.

வழிகாட்டிகளுக்கு மாற்று தேடும் முயற்சி இன்று தொடங்கியதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியப் பதிப்பாளர் கார்ல் பேடெக்கர், பயணி கூலி வழிகாட்டியை நம்பாமல் தானே சுற்றிவர வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் கையேடுகளை வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் 1952-இலேயே வானொலி அலை வழியாகப் பார்வையாளரின் காதில் விளக்கவுரையை ஒலிக்கச் செய்தது. அச்சிட்ட கையேடும் ஒலிக்கருவியும் ஒப்பிக்கும் வேலையை எடுத்துக்கொண்டன. இப்போதைய செயலி அதைக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு நீட்டியிருக்கிறது. கதவைத் திறக்க வைப்பதும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரின் வீட்டுக்கு அழைத்துப் போவதும் அந்த வரிசையில் இன்னும் சேரவில்லை. சேரும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை, ஏனென்றால் அவை தகவல் தொடர்பான வேலைகள் அல்ல. அந்த ஊரில் ஒருவருக்கு இருக்கும் பழக்கத்தையும் பெயரையும் சார்ந்தவை.

செயலியைத் தயாரித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் குரலைப் பதிவுசெய்து, உரிய தொகை கொடுத்து, அந்தக் குரலையே அந்தந்த இடத்தில் ஒலிக்கச் செய்யுங்கள். வட்டம் போடும் தொழில்நுட்பம் உங்களிடம் இருக்கிறது; வட்டத்துக்குள் வைக்க வேண்டியது மட்டுமே இல்லை. பாட்டியின் வயதுக்காரர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.

சட்டத்தின் பக்கமும் ஒரு முரண் இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, இந்நாட்டில் கூலி வாங்கிக்கொண்டு வழிகாட்டியாக வேலை செய்பவருக்கு உரிமம் வேண்டும். அதற்குப் பயிற்சி, தேர்வு, கட்டணம் எல்லாம் உண்டு. அவற்றைக் கடந்து வந்தவர்களின் தரத்தைக் கோலகங்சாரில் நேரிலேயே பார்த்தோம் என்பதால் அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆயினும், தவறான ஆண்டைச் சொன்ன செயலி சந்தாப் பணத்தை வாங்கிக்கொண்டது, தோட்டத்தை அங்குலம் அங்குலமாக அறிந்த பாட்டியோ கட்டணம் கேட்க முடியாதவராக, அன்பளிப்பாகத் தந்ததையும் இரண்டு முறை மறுத்துவிட்டே பெற்றுக்கொண்டார். குகைகளுக்கும் காடுகளுக்கும் அந்தந்த ஊர்க்காரருக்கென்றே வட்டார இயற்கை வழிகாட்டி என்ற உரிமப் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. அதைப் போன்ற ஒன்றைத் தோட்டப்புற வரலாற்றுக்கும் ஏற்படுத்துவது அமைச்சுக்குப் பெரிய காரியமாக இருக்காது.

மதிப்பெண் கொடுப்பதானால், கோலகங்சாருக்கு ஐந்தில் நான்கு, சுங்கை சிப்புட்டுக்கு இரண்டு. நகரப் பகுதிகளைச் சுற்றிப் பார்ப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். உரைகளை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள், மின்சேமிப்புக் கருவி (பவர் பேங்க்) ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள், வெள்ளிக்கிழமையானால் பள்ளிவாசலைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். தோட்டத்துக்குள் போக விரும்புகிறவர்கள் முதலில் கோயில் கமிட்டியையோ தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தையோ விசாரித்து ஓர் ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பால் மரத்தடியில் நிற்கும்போது மட்டும் செயலியைத் திறந்தால் போதும்.